குழுப் பணிக்கு எந்த மென்பொருள்? சிங்கப்பூரின் சிறு குழுக்களுக்கான ஓர் ஒப்பீடு

இணையவழிப் பணி மேலாண்மை மென்பொருளைத் தேர்ந்தெடுக்க உட்காரும் குழுக்கள் பல, விற்பனைப் பக்கங்களில் உள்ள வசதிப் பட்டியல்களை அருகருகே வைத்து எண்ணுவதிலிருந்து தொடங்குகின்றன. அப்படி எண்ணினால் எல்லா மென்பொருள்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். பணிகளைப் பட்டியலிடலாம், கெடு குறிக்கலாம், கோப்பு இணைக்கலாம், நினைவூட்டல் அனுப்பலாம். இவை இல்லாத மென்பொருள் இன்று சந்தையில் இல்லை. தேர்வைத் தீர்மானிக்க வேண்டியவை வேறு இரண்டு: குழுவின் வேலை எந்த விதமாக நகர்கிறது என்பதும், வேலையைச் செய்கிறவரே அதன் நிலையைப் பதிவு செய்வாரா என்பதும். இரண்டாவது கேள்விக்கு ‘மாட்டார்’ என்பது விடையானால், அலுவலகத்தில் ஒருவர் மற்ற எல்லாரையும் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்யும் எழுத்தராகிவிடுவார். அவர் விடுப்பில் செல்லும் வாரத்தில் மென்பொருளும் நின்றுபோகும்.

இரண்டு வகைக் குழுக்களை மனத்தில் வைத்து இங்கே ஒப்பிடுகிறேன். முதலாவது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளைப் புதுப்பித்துத் தரும் ஒரு சிறு குத்தகை நிறுவனம். அலுவலகத்தில் நால்வர், தளங்களில் மேற்பார்வையாளர்களும் வேலையாட்களுமாக எழுவர், ஒரே நேரத்தில் ஐந்தாறு வீடுகளில் வேலை. இரண்டாவது, ஆண்டுதோறும் ஏப்ரலில் வளர்தமிழ் இயக்கத்தின் ஏற்பாட்டில் நடைபெறும் தமிழ்மொழி விழாவில் ஒரு நிகழ்ச்சியை ஏற்று நடத்தும் சங்கத்தின் தொண்டூழியர் குழு. மாலையிலும் வார இறுதியிலும் மட்டுமே நேரம் கிடைக்கும் பதினைந்து பேரும், சுவரொட்டியும் விழா மலரும் வடிவமைக்கச் சென்னையில் ஒருவரும் அதில் இருப்பார்கள். இத்தகைய குழுக்கள் இங்கே ஏராளம். இவ்விரண்டுக்கும் ஒரே மென்பொருளைப் பரிந்துரைத்தால், இரண்டில் ஒன்றாவது தனக்குப் பொருந்தாததைக் கட்டிக்கொண்டு திண்டாடும் என்பது என் உறுதியான கருத்து.

ஒப்பீட்டில் முதலில் நிறுத்த வேண்டியது ஏற்கெனவே கையில் இருப்பதை, அதாவது வாட்ஸ்அப் குழுவையும் கூகல் ஷீட்ஸ் அட்டவணையையும். பலர் இதைக் குறைத்துப் பேசுகிறார்கள். நான் அப்படிப் பேசமாட்டேன். எல்லாருடைய கைப்பேசியிலும் இருப்பது, யாருக்கும் பயிற்சி தேவைப்படாதது, செலவில்லாதது என்ற மூன்று நிறைகளும் வேறு எந்த மென்பொருளுக்கும் ஒருசேர வாய்க்கவில்லை. ஆறு பேருக்குள், ஒரே நிகழ்ச்சி, இரண்டு மாத வேலை என்றால் இதுவே போதும். குழு பெரிதாகும்போது தடுமாற்றம் எங்கே தொடங்குகிறது என்பதை ஒரு செய்தியைக் கொண்டே காட்டலாம். தளத்திலிருந்து மேற்பார்வையாளர் குளியலறைப் படம் ஒன்றை அனுப்பி, கீழே “முடிந்தது அண்ணே” என்று எழுதுகிறார். அலுவலகத்தில் உள்ளவருக்கு அது ஈசூன் வீடா, பொங்கோல் வீடா என்பது தெரியவில்லை. முடிந்தது நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சா, அதற்குப் பின் செய்யும் தண்ணீர் தேக்கிப் பார்க்கும் சோதனையா என்பதும் தெரியவில்லை. அவர் கேட்கும் கேள்விக்கும் வரும் பதிலுக்கும் இடையில் வேறு வீட்டைப் பற்றிய பன்னிரண்டு செய்திகள் புகுந்துவிடுகின்றன. ஒரு மாதம் கழித்து வீட்டு உரிமையாளர் கேட்கும்போது அந்தப் படத்தைத் தேடி எடுப்பது பெரும்பாடு. பேச்சுக்கு ஏற்ற இடம் பதிவேட்டுக்கு ஏற்றதன்று என்பதே இங்குள்ள சிக்கல். பணி மேலாண்மை மென்பொருள் ஒவ்வொன்றும் அதைத் தீர்ப்பதாகத்தான் சொல்கிறது.

அவற்றில் எளியது பலகை வகை. டொயோட்டா தொழிற்சாலையில் தைச்சி ஓனோ உருவாக்கிய கான்பான் முறையின் வழித்தோன்றல் இது. ‘செய்ய வேண்டியவை’, ‘நடப்பவை’, ‘முடிந்தவை’ என்று பட்டியல்கள் இருக்கும். ஒவ்வொரு பணியும் ஓர் அட்டை. அட்டை இடமிருந்து வலமாக நகரும். 2011இல் வெளியான டிரெல்லோ இதற்குப் பெயர்பெற்றது. 2017இல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் அதை வாங்கியது. தொண்டூழியர் குழுவுக்கு இந்த வகை நன்றாகப் பொருந்துகிறது. காரணம், அவர்களுடைய பணிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று இறுகப் பிணைத்துக்கொண்டவை அல்ல. பட்டிமன்றப் பேச்சாளரை அழைப்பதும், சிற்றுண்டிக்கு விலை கேட்பதும், மாணவர் போட்டிக்கு நடுவர் தேடுவதும் தனித்தனியாக நகரலாம். ‘அரங்க முன்பதிவு’ என்ற ஓர் அட்டையை எடுத்துக்கொள்வோம். உள்ளே பொறுப்பாளர் பெயர், முன்பணம் செலுத்த வேண்டிய நாள், ஒலிபெருக்கி, மேடை நாற்காலிகள், ஒத்திகை நேரம் என்று ஒவ்வொன்றாகக் குறியிட்டு முடிக்கும் சரிபார்ப்புப் பட்டியல், அரங்க நிர்வாகம் அனுப்பிய விலைக்கடிதம் எல்லாம் ஓரிடத்தில் இருக்கும். அலுவலகம் முடிந்து எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும் ஒருவர் அந்த அட்டையை மட்டும் திறந்து, தன் பங்கை முடித்துவிட்டு மூடிவிடலாம். மற்ற பதினான்கு பேர் என்ன செய்கிறார்கள் என்பதை அவர் படித்தாக வேண்டிய கட்டாயமில்லை.

டிரெல்லோவின் குறை இரண்டு. இலவசத் திட்டத்தில் ஒரு பணியிடத்துக்கு, அதாவது குழுவின் பலகைகளை ஒன்றாக வைத்திருக்கும் இடத்துக்கு, பத்துப் பேர், பத்துப் பலகைகள் என்ற வரம்பு உண்டு. பதினைந்து பேர் கொண்ட குழு அதில் அடங்காது. துணைக்குழுத் தலைவர்களை மட்டும் உள்ளே சேர்த்துக்கொண்டு மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிடலாம் என்று சில குழுக்கள் சமாளிக்கின்றன. ஏற்கத்தக்க வழிதான் என்றாலும், வேலையைச் செய்கிறவரே பதிவு செய்ய வேண்டும் என்ற நோக்கம் அதில் பாதி போய்விடுகிறது. இரண்டாவது குறை இதைவிடப் பெரியது: ஒரு பணி முடிந்தால்தான் அடுத்தது தொடங்க முடியும் என்ற பிணைப்பை அட்டைகளுக்கிடையே குறிக்கவும், ஒன்று தள்ளிப்போனால் மற்றவற்றின் தேதியைத் தானாக நகர்த்தவும் டிரெல்லோவில் உள்ளமைந்த வழி இல்லை.

குத்தகை நிறுவனத்துக்கு உயிர்நாடியே அந்தப் பிணைப்புதான். வீவக அனுமதி கிடைத்த பிறகே சுவரை இடிக்கலாம். இடித்த பிறகே குளிர்சாதனக் குழாய்களும் மின்கம்பிகளும் குடிநீர்க் குழாய்களும் போகும். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்து, தண்ணீர் தேக்கிப் பார்த்து, ஒழுகவில்லை என்று உறுதியான பிறகே டைல்ஸ் ஒட்டலாம். டைல்ஸ் முடிந்த தளத்தை அளந்த பிறகே சமையலறை அலமாரிகள் தொழிற்சாலையில் உருவாகும். இதில் வீவக விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. சுவர் இடிப்பது, டைல்ஸ் வெட்டுவது போன்ற இரைச்சல் மிகுந்த வேலைகளை வாரநாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் செய்யக்கூடாது. ஆகவே வியாழக்கிழமை முடிந்திருக்க வேண்டிய இடிப்பு வேலை இரண்டு நாள் தாமதமானால், அது சனிக்கிழமை முடியாது, திங்களுக்குப் போய்விடும். சீனப் புத்தாண்டை ஒட்டி வரும் வேலையாக இருந்தால் கதை இன்னும் மோசம்: அதற்கு முன் வீட்டை ஒப்படைக்கும்படி எல்லா வாடிக்கையாளர்களும் கேட்பார்கள், அதற்குப் பின் பொருள் வழங்குவோர் பலர் சில நாள்கள் கடையையே திறக்கமாட்டார்கள். ஒரு வீட்டின் தாமதம் அதே டைல்ஸ் குழுவை எதிர்பார்த்திருக்கும் அடுத்த வீட்டையும் தாக்கும். பலகையில் இவை ஒன்றும் தெரியாது. தேதிக்கோட்டின்மேல் பட்டைகளாக வேலைகளை வரையும் கான்ட் வரைபடத்தில் தெரியும்.

இந்த வகையில் சிறு நிறுவனங்கள் பொதுவாக எடைபோடும் மூன்று மென்பொருள்கள் ஆசானா, மண்டே, ஸோஹோ புராஜெக்ட்ஸ். ஆசானா, ஃபேஸ்புக்கின் இணை நிறுவனர் டஸ்டின் மாஸ்கோவிட்ஸும் ஜஸ்டின் ரோசன்ஸ்டைனும் 2008இல் தொடங்கியது. மூன்றில் மிகத் தெளிவான திரைவடிவம் இதனுடையது என்பேன். ஒரு பணியின் தேதி அதற்கு முந்தைய பணியோடு மோதினால் இணைப்புக்கோடு சிவப்பாகிவிடும். தவறு உடனே கண்ணில் படும். காலவரிசைக் காட்சி கட்டணத் திட்டத்தில்தான் கிடைக்கும். இஸ்ரேலில் 2012இல் உருவான மண்டே, வண்ணம் வண்ணமான அட்டவணையாகத் தெரிவதால் எக்செல் பழகியவர்களுக்கு உடனே பிடித்துப்போகும். ஆனால் விலைப் படிநிலையை ஊன்றிப் படிக்க வேண்டும்: கான்ட் காட்சி நடுத்தரத் திட்டத்தில் கிடைத்தாலும், பணிகளைப் பிணைக்கும் வசதி அதற்கும் மேலுள்ள திட்டத்தில் இருக்கிறது. பிணைப்பில்லாத கான்ட் வரைபடம் குத்தகை நிறுவனத்துக்கு வெறும் அலங்காரம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் புராஜெக்ட்ஸ், தோற்றத்தில் மற்ற இரண்டையும்விடச் சற்றுப் பழையதாகத் தெரியும், அமைப்புப் பக்கங்களும் மிகுதி. இருந்தும் கட்டணத் திட்டத்தின் கீழ்ப்படியிலேயே கான்ட் வரைபடமும் பிணைப்பும் கிடைக்கின்றன. விடுமுறை நாள்களையும் வேலை நேரத்தையும் நிறுவன அளவில் குறித்துவைக்கலாம். ஓர் ஆளுக்கான கட்டணமும் மற்ற இரண்டைக் காட்டிலும் குறைவு. சிங்கப்பூர்ப் பொது விடுமுறைகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே பதிந்துவிட்டால், டைல்ஸ் வேலையைத் தீபாவளியன்று திட்டமிடும் பிழையைத் தவிர்க்கலாம். குத்தகை நிறுவனத்துக்கு என் முதல் பரிந்துரை ஸோஹோ. பணம் ஒரு தடையில்லை, மேற்பார்வையாளர்கள் திரையைக் கண்டு தயங்குவதுதான் தடை என்றால் ஆசானா.

ஜிராவைச் சிறு நிறுவனங்கள் கேட்டால் வேண்டாம் என்றே சொல்வேன். 2002இல் வெளியான அது மென்பொருள் பிழைகளைப் பின்தொடரப் பிறந்தது. நிரலாளர் குழுக்களுக்கு அதற்கு இணையானது அரிது, பத்துப் பேர் வரை இலவசமும்கூட. நிரல் எழுதாத குழுவுக்கு அதன் சொற்களும் படிநிலைகளும் சுமை. கிளிக்அப், நோஷன் இரண்டும் எல்லாவற்றையும் செய்ய வல்லவை. அதனாலேயே யாராவது ஒருவர் உட்கார்ந்து வடிவமைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென ஆள் இல்லாத குழு அவற்றின் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

பேஸ்கேம்ப் தனித்து நிற்கும் ஒன்று. 2004 முதல் இயங்கும் அது, வேண்டுமென்றே வசதிகளைக் குறைத்து, ஒவ்வொரு திட்டத்துக்கும் அறிவிப்புப் பலகை, செய்ய வேண்டியவை, கால அட்டவணை, கோப்புகள், அரட்டை என்று ஐந்தாறு அறைகளை மட்டும் தருகிறது. பேச்சும் பதிவும் ஒரே கூரையின்கீழ் இருப்பதால் வாட்ஸ்அப்பிலிருந்து நகர்வோருக்கு அது எளிது. வேலைகளைத் தேதிவாரியாகப் பிணைக்கும் வசதி அதில் இல்லாததால் குத்தகை நிறுவனத்துக்கு அது சரிவராது. தொண்டூழியர் குழுவுக்கோ, கட்டணம் தடையாகலாம்.

அலுவலகத்தில் மைக்ரோசாஃப்ட் 365க்கு ஏற்கெனவே பணம் கட்டிவரும் குழு, வேறு எதையும் பார்ப்பதற்கு முன் அதிலேயே உள்ள பிளானரைத் திறந்து பார்ப்பது முறை. டிரெல்லோவைப் போன்ற பலகை அதில் கூடுதல் செலவின்றிக் கிடைக்கிறது. பிணைப்பும் காலவரிசையும் வேண்டுமானால் மேல்திட்டத்துக்குப் பணம் கட்ட வேண்டும். தகுதிபெறும் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட் தன் பிசினஸ் பேசிக் உரிமங்களை 300 பேர் வரை இலவசமாகவே வழங்குகிறது. சங்கங்களின் செயலாளர்கள் இதற்கு விண்ணப்பித்துப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன். பத்துப் பேர் என்ற வரம்பும் அதோடு நீங்கிவிடும், சங்கத்தின் மின்னஞ்சல்கள் முன்னாள் செயலாளரின் தனிப்பட்ட கணக்கில் சிக்கிக்கொள்ளும் நெடுநாள் தொல்லையும் தீரும்.

கட்டணத்தைக் கணக்கிடும்போது ‘ஓர் ஆளுக்கு இவ்வளவு’ என்ற எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாற்றம் மிஞ்சும். மண்டே குறைந்தது மூன்று பேருக்கு விற்கிறது, அதற்கு மேலும் தொகுதி தொகுதியாகத்தான் விற்கிறது. பதினொரு பேர் உள்ள நிறுவனம் பதினைந்து பேருக்குப் பணம் கட்ட நேரும். பேஸ்கேம்ப் ஓர் ஆளுக்கு மாதம் 15 அமெரிக்க டாலர் வாங்குகிறது; எத்தனை பேரானாலும் மாதம் 299 டாலர் என்ற ஆண்டுத் திட்டமும் வைத்திருக்கிறது. ஆக, இருபதாவது ஆள் சேரும் நாளில் இரண்டாவது திட்டமே மலிவாகிறது. இந்த விலைகள் மாறக்கூடியவை என்பதால் வாங்கும் நாளன்று மீண்டும் சரிபார்க்க வேண்டும். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடியும் எல்லாருக்கும் ஏற்றதன்று: வேலையாட்கள் அடிக்கடி மாறும் நிறுவனத்துக்கு மாதக் கட்டணமே பாதுகாப்பு; நவம்பர் முதல் ஏப்ரல் வரை மட்டும் ஓடியாடும் விழாக் குழு எதற்காகப் பன்னிரண்டு மாதத்துக்குக் கட்ட வேண்டும்?

இதற்குமேல் பொருள் சேவை வரி. வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் இந்த வரி உண்டு; 2024 ஜனவரி முதல் விகிதம் 9 விழுக்காடு. இங்கே பதிவுசெய்துள்ள வெளிநாட்டு நிறுவனங்கள், வரிப் பதிவு இல்லாத வாடிக்கையாளரிடமிருந்து அதை வசூலிக்கின்றன. ஆண்டு வருவாய் ஒரு மில்லியன் சிங்கப்பூர் வெள்ளியைத் தொடாத சிறு நிறுவனங்களும் சங்கங்களும் பெரும்பாலும் பதிவு செய்யாதவை என்பதால், பக்கத்தில் தெரியும் விலையோடு இதையும் அமெரிக்க டாலரை வெள்ளியாக மாற்றும்போது வங்கி எடுக்கும் தொகையையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். அரசாங்கத்தின் உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியம், முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட மென்பொருளுக்குச் செலவில் 50 விழுக்காடு வரை தருகிறது. நிறுவனத்தில் குறைந்தது 30 விழுக்காடு உள்ளூர்ப் பங்குரிமை இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கினால் மட்டுமே இது கிடைக்கும். கடன் அட்டையைக் கொண்டு நேரடியாக இணையத்தில் வாங்கினால் கிடைக்காது. விண்ணப்பத்துக்கு முன்பே பணம் கட்டிவிட்டாலோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டாலோ மானியம் இல்லை என்பதால், குத்தகை நிறுவனம் அந்த அங்கீகாரப் பட்டியலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தமிழில் எழுதும் குழுக்கள் தாமே செய்து பார்க்க வேண்டிய இரு சோதனைகள் உண்டு. ஆங்கில ஒப்பீடுகளில் இவை பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. முதலாவது, தேடல். ‘அரங்கம் உறுதி’ என்று ஓர் அட்டையும் ‘அரங்கத்துக்கு முன்பணம்’ என்று இன்னோர் அட்டையும் உருவாக்கி, ‘அரங்கம்’ என்று தேட வேண்டும். வேற்றுமை உருபு சேர்ந்து சொல் மாறிவிடுவதால் இரண்டாவது அட்டை பெரும்பாலும் அகப்படாது. ‘அரங்க’ என்று பாதியில் நிறுத்தித் தேடினால் இரண்டும் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால், அட்டைத் தலைப்புகளை ஒரே வடிவில் எழுதுவது அல்லது வண்ணக் குறிச்சொற்களைச் சார்ந்திருப்பது என்று குழு தொடக்கத்திலேயே ஒரு வழக்கத்தை வகுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, ஏற்றுமதி. பணிகளைச் சிஎஸ்வி கோப்பாக (அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு) இறக்கி, எக்செல்லில் இரட்டைச் சொடுக்கால் திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிய வாய்ப்புண்டு. தரவு கெட்டுவிட்டது என்று பதற வேண்டியதில்லை: எக்செல்லின் தரவு இறக்குமதிப் பகுதியில் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையைத் தெரிவுசெய்தாலோ, கூகல் ஷீட்ஸில் திறந்தாலோ சரியாக வரும். டிரெல்லோவில் சிஎஸ்வி ஏற்றுமதிக்குக் கட்டணத் திட்டம் வேண்டும். இலவசத்தில் நிரல்கள் படிப்பதற்கான ஜேசன் கோப்புதான், அதிலும் இணைத்த படங்கள் வருவதில்லை, அவற்றின் சுட்டிகள் மட்டுமே வரும். வீட்டுப் படங்களைச் சான்றாக வைத்திருக்க வேண்டிய நிறுவனம் இதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும்.

ஏற்றுமதி பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022 ஏப்ரலில் அட்லாசியனின் பராமரிப்பு நிரல் ஒன்று தவறுதலாக வாடிக்கையாளர் தளங்களை நீக்கியபோது, ஏறக்குறைய 775 வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள்; சிலருக்குச் சேவை திரும்ப இரண்டு வாரம் வரை ஆனது. பெரிய நிறுவனத்துக்கும் இது நேரும். வாரம் ஒருமுறை ஒரு பிரதியை இறக்கி வைத்துக்கொள்ளும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுவது நல்லது.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தகவலை வெளிநாட்டு வழங்கியில் வைப்பதைத் தடுக்கவில்லை; அங்கும் ஒப்பான பாதுகாப்பு இருப்பதை உறுதிசெய்யும் கடமையை நிறுவனத்தின்மேல் வைக்கிறது. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால், அறிவிக்க வேண்டிய கசிவு என்று மதிப்பிட்ட மூன்று நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். போட்டிக்குப் பதிவுசெய்த மாணவர் பட்டியலை அப்படியே அட்டையில் இணைக்கும் விழாக் குழு இந்த எண்ணை எளிதில் எட்டிவிடும். பட்டியலை வேறிடத்தில் பூட்டிவைத்து, அட்டையில் எண்ணிக்கையை மட்டும் எழுதுவதே தகும். குத்தகை நிறுவனத்தில் நான் அதிகம் அஞ்சுவது வேறொன்றை: வீட்டு முகவரியோடு மின்னணுப் பூட்டின் கடவெண்ணையும் அட்டையில் எழுதிவைப்பது. வெளியிலிருந்து சில நாள் வேலைக்கு வரும் தச்சருக்கும் பெயின்டருக்கும் விருந்தினர் அனுமதி தரும்போது, அவர்கள் கண்ணில் எந்தெந்த வீட்டின் அட்டைகள் படுகின்றன என்பதை விருந்தினர் கணக்கிலேயே நுழைந்து பார்க்க வேண்டும்.

சென்னையில் இருக்கும் வடிவமைப்பாளர் பற்றி ஒரு சிறு குறிப்பு. நாம் அங்கிருந்து இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அவர் ‘இன்று’ என்று எண்ணி இரவு 10 மணிக்கு அனுப்பும் கோப்பு இங்கே நள்ளிரவு தாண்டி மறுநாள் 12.30க்கு வந்து சேரும். அச்சகத்துக்கான கெடுவில் தேதியோடு மணியையும் குறித்தால் இந்தக் குழப்பம் எழாது. பொங்கல் வாரத்தில் அவர் கிடைக்கமாட்டார் என்பதையும் முன்பே பதிந்துவைக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் சோதனைக் காலத்தில் கற்பனைப் பணிகளை இட்டுப் பார்ப்பதில் பயனில்லை. குத்தகை நிறுவனம் உண்மையான ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, கணினியை விரும்பாத மேற்பார்வையாளரிடமே கைப்பேசியைக் கொடுக்க வேண்டும். சிமெண்டு படிந்த கையால் செயலியைத் திறந்து, சரியான வீட்டின் சரியான பணியில் படத்தைச் சேர்த்து, ‘முடிந்தது’ என்று அவர் குறிக்க வேண்டும். எழுதத் தயங்கினால் கூகல் விசைப்பலகையில் தமிழில் பேசிப் பதியலாம். இரண்டு வாரம் கழித்தும் அவர் வாட்ஸ்அப்பிலேயே படம் அனுப்பிக்கொண்டிருந்தால் அந்த மென்பொருளை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டும், அதன் கான்ட் வரைபடம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சரி. மாறும் காலமும் முக்கியம்: பாதி முடிந்த வீடுகளைப் பழைய முறையிலேயே முடித்துவிட்டு, அடுத்து அனுமதி கிடைக்கும் வீட்டிலிருந்து புதிய மென்பொருளைத் தொடங்குவது நிறுவனத்துக்கு ஏற்றது. விழாக் குழுவுக்கு, ஏப்ரல் நிகழ்ச்சிக்கான முதல் கூட்டம் நடக்கும் நவம்பர், டிசம்பரே உகந்த நேரம். இலவச உரிமம் கிடைத்தால் பிளானர், கிடைக்காவிட்டால் டிரெல்லோவின் கட்டணத் திட்டத்தை நிகழ்ச்சி முடியும்வரை மாதாமாதம் கட்டிப் பயன்படுத்திவிட்டு, மே மாதத்தில் அடுத்த ஆண்டுக் குழுவுக்காகப் பலகையை ஏற்றுமதி செய்து வைத்துக் கணக்கை இலவசத் திட்டத்துக்கு இறக்கிவிடலாம்.